கிராமம் எனப் பெயரில்லாத மலைக் கிராமங்கள்: ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை ஒரு நாள்

ஜூன் பிறந்தால் பிரான்சில் இருக்கும் நம் உறவுகளின் கைபேசிப் படங்களில் ஊதா நிறம் ஏறிவிடும். தெற்கே புரோவென்ஸ் பகுதியில் லவண்டர் பூக்கும் காலம் அது. வலன்சோல் மேட்டுநிலத்தில் வரிசை வரிசையாக நிற்கும் செடிகளுக்கு நடுவே நின்று படம் எடுப்பார்கள். பிறகு குன்றின் உச்சியில் கல்லால் கட்டிய கோர்ட் போன்ற ஊர்களுக்கு ஏறிப்போய்க் கோப்பி குடிப்பார்கள். ஒரே நாளில் முடிகிற சுற்றுலா. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு இங்கே இருப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நாங்கள் எங்கே போவது?

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் அதற்கான பதில் பெரும்பாலும் நுவரெலியா. போர் முடிந்து ஏ-9 வீதி திறந்த பிறகு ஏப்ரல் விடுமுறையில் வடக்கிலிருந்து வான் பிடித்து மலையேறுவது வழக்கமாகிவிட்டது. லவண்டர் இல்லாவிட்டாலும் பச்சை இருக்கிறது, வரிசை இருக்கிறது, குன்றின் மேல் வீடுகளும் இருக்கின்றன. ஊதாதான் வேண்டும் என்பவர்கள் ஹோர்ட்டன் சமவெளியில் ஏறக்குறைய 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை கூட்டமாகப் பூக்கும் நெலுவுக்குக் காத்திருக்க வேண்டும். அது நம் குறிஞ்சியின் நெருங்கிய உறவுச் செடி.

2025 ஏப்ரலில் ஹட்டனிலிருந்து நுவரெலியா வரையான ஏ-7 வீதியை, சுமார் 45 கிலோமீற்றரை, பஸ்ஸில் ஏறி இறங்கி ஒரே நாளில் கடந்தேன். அந்தப் பாதையை இங்கே எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். பிரான்சின் மலையுச்சி ஊர் எவ்வளவு சிறியதானாலும் அது ஓர் உள்ளூராட்சி அலகு. அதற்கு ஒரு மேயர் இருப்பார், ஒரு சபை இருக்கும், வீதிப் பெயரும் வீட்டு இலக்கமும் இருக்கும். அந்த நாட்டில் இப்படி ஏறக்குறைய 35,000 அலகுகள் உள்ளன. நாம் வான் யன்னலால் எட்டிப் பார்க்கிற மலைக் குடியிருப்புகள் சட்டத்தின் கண்ணில் நீண்ட காலம் கிராமங்களாகவே இருக்கவில்லை. பிரதேச சபை அங்கே ஒரு மின்விளக்குப் போடக்கூடச் சட்டம் இடம் தரவில்லை. அந்தக் கதை கீழே வருகிறது.

புறப்படுமுன்

வவுனியாவிலிருந்து வருபவர்கள் கண்டி வழியாக முதல் நாளே ஹட்டனுக்கு வந்து தங்கிவிடுவது நல்லது. கொழும்பிலிருந்து வந்தால் பதுளைக் கோச்சி ஹட்டனில் நிற்கும். ஏப்ரலில் மலையகத்தில் காலை வெளிச்சமாக இருக்கும். பகல் 2 மணிக்குப் பிறகு இடியுடன் மழை வரலாம், பனிமூட்டம் இறங்கலாம். ஆகவே பார்க்க வேண்டியவற்றை மதியத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கம்பளிச் சட்டை ஒன்று கட்டாயம். தேயிலை மலைக்குள் இறங்குவதானால் அட்டைக் கடிக்கு உப்போ சவர்க்காரமோ கொண்டுபோங்கள்.

ஏப்ரலைச் 'சீசன்' என்கிறார்கள். அது உல்லாசப் பயணிகளின் சீசன். தேயிலையின் சீசன் வேறு. ஹட்டன், தலவாக்கலை உள்ளிட்ட டிம்புளைப் பகுதியில் வாசனையான தேயிலை கிடைப்பது ஜனவரியிலிருந்து மார்ச் வரை. குளிர்ந்த இரவும் காய்ந்த காற்றும் கொழுந்தின் வளர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். அப்போதுதான் சுவை இறுகும். ஏப்ரல் மழைக்குக் கொழுந்து தளதளவென்று வரும். கிலோ கூடும், வாசனை குறையும். தொழிற்சாலையைப் பார்க்க விரும்புபவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். ஞாயிறு கொழுந்து எடுப்பு இல்லாததால் திங்கள் காலையில் பல இடங்களில் இயந்திரம் ஓடாது.

ஹட்டன்

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது ஹட்டன். தோட்டத்து மக்கள் 'அட்டன்' என்பார்கள். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. அதன் பிறகு மலை முழுவதும் தேயிலையாக மாறியது. பெட்டிகளை இறக்கக் கோச்சிப் பாதை தேவைப்பட்டது. அது 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தது.

நகரத்தைச் சுற்றிப் பார்க்க அரை மணித்தியாலம் போதும். கடைத்தெரு, கோயில், பஸ் தரிப்பிடம், அவ்வளவுதான். ஆனால் மலையகத் தொழிற்சங்க வரலாறு தொடங்கிய இடங்களில் ஒன்று இது. கோ. நடேசய்யர் 1931இல் இங்கிருந்துதான் தோட்டத் தொழிலாளருக்கான சம்மேளனத்தை நடத்தினார். பிறகு ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்கும் போனார். தோட்டத்துக்குள் வெளியாள் நுழைந்தாலே அத்துமீறல் என்று பிடித்த காலம் அது. அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் சந்தி சந்தியாக நின்று பாட்டுப் பாடியே ஆட்களைத் திரட்டினார் என்பது இங்கே பலருக்கும் தெரிந்த செய்தி.

வடக்கிலிருந்து போகிறவர்கள் ஹட்டன் புகையிரத நிலையத்தின் மேடையில் பத்து நிமிடமாவது நிற்க வேண்டும் என்பது என் எண்ணம். இப்போது அங்கே நீலக் கோச்சியின் கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கும் வெள்ளைக்காரர்களைத்தான் பார்க்கலாம். ஒரு காலத்தில் இதே பாதையில் போன கோச்சிக்கு மலையக மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. ஒரு வருடத்துக்கு முன் 1947 தேர்தலில் நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் வென்று பாராளுமன்றம் போயிருந்தார்கள். 1952 தேர்தலில் அந்த வாக்காளர்களே பட்டியலில் இல்லை. பிறகு 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 பேரை இரு அரசாங்கங்களும் பங்கு பிரித்தன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974இல் அந்த மீதியைச் சரிபாதியாக்கினார்கள். அண்ணன் ஒரு பட்டியலிலும் தங்கை இன்னொரு பட்டியலிலும் இருந்த குடும்பங்கள் ஏராளம். போகிறவர்கள் பெட்டிக்குள் இருந்தும் நிற்பவர்கள் மேடையில் இருந்தும் அழுத அழுகையிலிருந்து வந்த பெயர் அது.

அந்தக் கோச்சி போனது தலைமன்னாருக்கு. அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். பிறகு மண்டபம் முகாம். மண்டபம் என்ற சொல்லை நம்மில் பலர் வேறு காரணத்துக்காக அறிவோம். 1983க்குப் பிறகு படகேறிய நம் ஆட்கள் இறங்கியதும் அங்கேதான். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆட்களை அனுப்புமுன் வைத்திருந்த தடுப்பு முகாம், திருப்பி அனுப்பப்பட்டவர்களின் இடைத்தங்கல் முகாமாகி, பிறகு ஈழ அகதிகளின் முகாமானது. போர் பெருத்து 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. தாயகம் திரும்பியவர்கள் என்று பெயர் சூட்டப்பட்டவர்களில் பலருக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த வேலையும் தேயிலைதான். நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள் 1968இல் அவர்களுக்காகவே தொடங்கப்பட்டன.

கொட்டகலை, பத்தனை, டெவன்

ஹட்டனை விட்டு வெளிக்கிட்ட கோச்சி சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்து கொட்டகலைப் பக்கம் வெளியே வரும். அரைக் கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான நீளம். உள்ளே பிள்ளைகள் கூச்சல் போடாமல் ஒரு கோச்சியும் போனதில்லை. வீதியால் போனால் சுரங்கம் கிடையாது. அதற்குப் பதிலாகக் கொட்டகலை மரக்கறிக் கடைகளும், பத்தனைச் சந்தியில் ஆசிரியர்களை உருவாக்கும் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் வரும்.

பத்தனையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டெவன் நீர்வீழ்ச்சி. ஏறக்குறைய 97 மீற்றர் உயரம். பள்ளத்தாக்குக்கு அப்பால் பச்சைக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு போலத் தெரியும். பார்ப்பதற்கென்று வீதியோரத்தில் கட்டிய மேடையும் தேநீர்க் கடையும் உண்டு. எல்லா வான்களும் இங்கே நிற்கும். டெவன் என்பது ஆங்கிலேயத் தோட்டக்காரர் ஒருவரின் பெயர் என்று வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்கின்றன.

அந்தப் பெயருக்கு மலையகத்தில் இன்னொரு நினைவு இருக்கிறது. 1970களில் காணிச் சீர்திருத்தத்தின் பெயரில் தோட்டங்கள் அரசுடைமையாகின. அதே நேரத்தில் உணவுத் தட்டுப்பாடு வந்தது. 1973–74இல் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் செத்தார்கள். பிறகு நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்கும் முயற்சி வந்தது. அப்படிப் போனால் வேலையும் போகும், லயமும் போகும். தொழிலாளர்கள் மறித்தார்கள். 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் பொலிஸார் சுட்டதில் சிவனு லட்சுமணன் என்ற இளைஞர் இறந்தார். அந்தக் காணிப் பறிப்பு அத்தோடு நின்றது. மே மாதம் வந்தால் தொழிற்சங்கங்களும் இளைஞர் அமைப்புகளும் அவரை நினைவுகூருகின்றன. மே மாதம் என்றால் நமக்கு முள்ளிவாய்க்கால். ஒரே மாதத்தில் ஒரு வாரத்துக்குள் வருகிற இரண்டு நினைவுநாள்களில் மற்றொன்றை நம் பக்கத்தில் எத்தனை பேர் அறிவோம்?

நீர்வீழ்ச்சியைப் பார்த்த அரை மணித்தியாலத்தில் வந்துபோன வான்களில் மூன்று வடக்கு இலக்கத் தகடுள்ளவை. கிளிநொச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துடன் கதைத்தேன். சிவனு லட்சுமணன் பெயரை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்த வீட்டு அம்மாவின் பேர்த்தியார் தலவாக்கலைப் பக்கத்தவர் என்றும், தோட்டத்தின் பெயர் மறந்துவிட்டது என்றும் சொன்னார். எனக்கு அது ஆச்சரியமாக இருக்கவில்லை.

ஏனென்றால் இந்த மலையிலிருந்து வன்னிக்கும் ஒரு பாதை போயிருக்கிறது. 1958, 1977, 1983 வன்செயல்களும் 1974இன் பட்டினியும் மலையக மக்களை வடக்கே தள்ளின. வவுனியாவில் வைத்தியர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களைக் குடியேற்றியது. 1983 ஜூலையில் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு கென்ற் பண்ணை, டொலர் பண்ணையிலிருந்து குடும்பங்கள் விரட்டப்பட்டன. கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் போன்ற ஊர்களை எழுப்பியவர்களில் மலையகத்திலிருந்து வந்தவர்கள் கணிசமானோர். 2009இல் அவர்களும் நம்மோடு மாத்தளன் வரை நடந்தார்கள், மெனிக் பாமில் வரிசையில் நின்றார்கள். மீள்குடியேற்றத்தின் போது வீட்டுத்திட்டத்துக்குக் காணி உறுதி கேட்டார்கள். அதைக் காட்ட முடியாமல் பின்தங்கியவர்களில் அவர்கள் அதிகம். இதையும் எழுதத்தான் வேண்டும்: வடக்கில் நாம் அவர்களுக்கு வைத்த பெயர் 'தோட்டக்காட்டான்'. யாழ்ப்பாணத்து வீடுகளில் சமையலுக்கும் பிள்ளை பார்க்கவும் மலையகத்திலிருந்து சிறுமிகளைக் கொண்டுவந்து வைத்திருந்த காலம் ஒன்றும் பழங்கதை அல்ல. குடியுரிமைப் பிரச்சினையில்தான் தமிழ்க் காங்கிரஸ் உடைந்து 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது என்பதை மேடைகளில் சொல்கிற நாம், இதைச் சொல்வதில்லை.

சென் கிளயர், தலவாக்கலை

டெவனுக்கு அடுத்து சென் கிளயர். உயரத்தைவிட அகலத்தால் பேர்போன வீழ்ச்சி. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்த பிறகு ஆற்று நீரின் பெரும்பகுதி தலவாக்கலை அணையிலிருந்து சுரங்கத்துக்குள் போகிறது. வீழ்ச்சிக்கு அளந்துதான் விடுகிறார்கள். 150 மெகாவாட் திட்டம், 2012இல் தேசிய மின்வலையோடு சேர்ந்தது. அணைக்காகத் தலவாக்கலையில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம் மாறின. படத்தில் பார்த்த அகலம் நேரில் இல்லையே என்று ஏமாறாதீர்கள்.

தலவாக்கலையில் மதியச் சாப்பாடு எடுக்கலாம். பக்கத்தில் சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925இல் நிறுவப்பட்டது, 2025இல் நூறு வயது. செடிக்கு என்ன வியாதி, மண்ணுக்கு என்ன உரம் என்று நூறு வருடமாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

லிந்துலைப் பக்கத்தில் ஒரு மலை

தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக ஏறும்போது பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு தோட்டத்துக்குள் நடந்தேன். தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பேசியவர்களுக்கு அதனால் சிக்கல் வரக்கூடாது. மலை என்றால் இங்கே நாம் சொல்கிற மலை அல்ல, இலக்கமிட்ட தேயிலைப் பகுதி. 'இன்னைக்கு நாலாம் நம்பர் மலை' என்பார்கள். மதிய நிறுவைக்காகப் பெண்கள் சாக்குகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் படங்கு, தலையில் துணி. நெற்றியில் கயிறு மாட்டிய கூடையைப் படங்களில்தான் அதிகம் காணலாம். இப்போது பெரும்பாலும் சாக்குத்தான்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா முதலில் பேசினார். 

"எங்கேருந்து வர்றீங்க தங்கச்சி? யாழ்ப்பாணமா?"

"இல்லை அக்கா, கிளிநொச்சி."

"எல்லாம் யாழ்ப்பாணந்தானே எங்களுக்கு" என்று சிரித்தவர், கொஞ்சம் நின்று, "எங்க பெரியம்மா வீட்டு ஆளுங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க. எழுவத்தேழுல போனவங்க" என்றார்.

எத்தனை கிலோ என்று கேட்டேன். அன்று காலை முதல் 9 கிலோ. ஒரு 'பேர்' விழுவதற்கு, அதாவது ஒரு முழு நாட்சம்பளம் எழுதப்படுவதற்கு, தோட்டத்துக்குத் தோட்டம் கணக்கு மாறும். நான் அந்தப் பாதையில் கேட்டவை 18 கிலோவும் 20 கிலோவும். குறைந்தால் அரைப்பேர். 2024 செப்டெம்பரில் சம்பளச் சபை தீர்மானித்த நாட்சம்பளம் 1,350 ரூபா. அதற்கு முன் 2021இலிருந்து 1,000 ரூபா. அந்த ஆயிரத்தைப் பெறுவதற்கே பல வருடப் போராட்டம் நடந்தது. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும். கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கலாம்.

"படம் எடுக்கலாமா?" என்று கேட்டதும் அவர் சொன்ன பதில் எல்லா வான்களிலும் ஒட்டி வைக்க வேண்டியது. "எடுங்க. கேட்டீங்களே, அதுவே போதும். மத்தவங்க ரோட்டுல நின்னு கையை ஆட்டச் சொல்லுவாங்க. நாங்க கையை ஆட்டினா யாரு கொழுந்து எடுக்கிறது?"

பிறகு லயத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள். ஒவ்வொன்றும் இஸ்தோப்பும் ஒரு காம்பராவும். காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். பின்புறம் பலகை அடித்துக் குசினியை நீட்டியிருக்கிறார்கள். ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் தந்தார். தேயிலை தூள் வகை. வெளியே பெட்டியில் போகிற தேயிலை இந்த வீட்டில் இல்லை. இதைச் சோகமாக அவர் சொல்லவில்லை, கேட்டதால் சொன்னார். மூத்த மகன் கொழும்பில் கடையில் வேலை. மகள் உயர்தரம் எழுதியிருக்கிறாள். "அவ மலைக்குப் போகமாட்டா" என்றார். அதில் மட்டும் அவருடைய குரலில் ஓர் உறுதி இருந்தது.

இந்த இடம் கிராமமா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் பிரதேச சபை தன் நிதியைச் செலவழிப்பதற்குத் தடையாக இருந்தது. இந்த மக்கள் சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம். ஆனால் தாங்கள் வாழும் லயத்துக்கு முன்னால் உள்ள பாதைக்குக் கல் போட முடியாது. தோட்டம் என்பது கம்பனியின் பொறுப்பு என்பதே அதன் தர்க்கம். 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை போன்ற புதிய பிரதேச சபைகளுக்கு முதல் தேர்தல் நடந்தது. 1948இலிருந்து எண்ணினால் 70 வருடம். கடைசி நாடற்றவர்களுக்கும் குடியுரிமை தந்த சட்டம் 2003இல் வந்தது. குடியுரிமை வந்து 15 வருடம் கழித்து, பாதைக்குக் கல் வந்தது.

காணி இன்னும் வரவில்லை என்பதே பெரும்பாலான லயங்களின் நிலை. தோட்டங்கள் அரசாங்கத்துக்குச் சொந்தம். 1992இல் முகாமை பிராந்தியக் கம்பனிகளிடம் போய், பிறகு 53 வருடக் குத்தகையானது. இந்தியாவின் உதவியில் முதலில் 4,000 வீடுகள் கட்டினார்கள். 2017 மே 12இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். தனி வீடு, 7 பேர்ச் காணி, பிறகு 10 பேர்ச் என்று அறிவிப்புகள் வந்தன. வீதியிலிருந்து பார்த்தால் சில தோட்டங்களில் நீல, பச்சைக் கூரைகள் தனித்தனியாகத் தெரியும். அவை அந்த வீடுகள். மற்ற நீளக் கூரைகள் லயங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து மூடியது அப்படிப்பட்ட லயங்களைத்தான். போகும்போது எண்ணிப் பாருங்கள், எது அதிகம் என்று.

நுவரெலியா

நானுஓயாவிலிருந்து கடைசி ஏற்றம். காற்று மாறும், காது அடைக்கும். நுவரெலியா 1,868 மீற்றர். தோட்டத்துப் பெரியவர்கள் 'நூரளை' என்பார்கள். ஊருக்கு மேலே நாட்டின் மிக உயர்ந்த பீதுருதாலகால, 2,524 மீற்றர். 1873இல் ஆளுநர் கிரெகரி அமைத்த ஏரி, விக்டோரியாப் பூங்கா, குதிரை ஓட்டம், மலர்க் கண்காட்சி என்று ஏப்ரலில் நகரம் திருவிழாவாக இருக்கும். இவற்றைப் பற்றி எல்லா வழிகாட்டிகளிலும் இருப்பதால் நான் நீட்டவில்லை. ஒன்று மட்டும்: ஏப்ரல் 10இலிருந்து 20 வரை அறை வாடகை மற்ற மாதங்களைவிடப் பல மடங்கு ஏறும், வாகன நெரிசலில் ஏரியைச் சுற்றவே ஒரு மணித்தியாலம் போகும். ஏப்ரல் முதல் வாரமோ மே ஆரம்பமோ குடும்பத்துக்கு வசதி. நேரம் இருந்தால் சீத்தாஎலிய அம்மன் கோயிலுக்கும், 1861இல் சின்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய ஹக்கல பூங்காவுக்கும் போகலாம். இரண்டும் வெலிமடை வீதியில் அடுத்தடுத்து உள்ளன.

நகரத்தில் அதிகம் படம் எடுக்கப்படும் கட்டடம் தபால் கந்தோர். சிவப்புச் செங்கல், கூரான கோபுரம், 1894இல் கட்டியது. இன்றும் தபால் கந்தோராகவே இயங்குகிறது. நான் போனபோது உள்ளே மூன்று வெளிநாட்டவர்கள் தபாலட்டைக்கு முத்திரை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். லிந்துலை அக்கா கிளிநொச்சிப் பெரியம்மா வீட்டாருக்குக் கொடுக்கச் சொல்லி மகனின் கலியாண அழைப்பிதழ் ஒன்றை என்னிடம் தந்திருந்தார். தபாலில் போட்டாலும் பதில் வந்து சேர்வது நிச்சயமில்லை என்றார். அவருடைய விலாசத்தைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருந்தேன்: பெயர், தோட்டம், பிரிவு, தபால் நகரம். வீட்டு இலக்கம் இல்லை, பாதைப் பெயர் இல்லை. அந்தப் பிரிவில் அதே பெயரில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்களாம்.

இப்படியான விலாசத்துக்குக் கடிதம் எப்படிப் போகும் என்று பிறகு தோட்டத்து இளைஞர் ஒருவரிடம் விசாரித்தேன். தபால் தோட்ட அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து யாராவது எடுத்துவருவார்கள், அல்லது பெரட்டில் பெயர் வாசித்துக் கொடுப்பார்கள். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்து வந்ததால் வேலையை இழந்த இரண்டு பேரை அவருக்குத் தெரியும். உயர்தரம் எழுதிய அவருடைய தங்கை விண்ணப்பங்களில் இப்போது ஹட்டனில் ஒரு கடையின் விலாசத்தைக் கொடுக்கிறாள்.

அழைப்பிதழை நான் கொண்டுவந்து கிளிநொச்சியில் கொடுத்துவிட்டேன். கலியாணம் ஆவணியில். வாங்கிக்கொண்ட வீட்டார் போகிற வழி கேட்டார்கள். வவுனியாவிலிருந்து கண்டி பஸ், கண்டியிலிருந்து ஹட்டன் பஸ், ஹட்டனிலிருந்து நுவரெலியா பஸ்ஸில் ஏறி லிந்துலையில் இறங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். லிந்துலையில் இறங்கியபின் ஓட்டோக்காரரிடம் தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் சொல்லுங்கள். லயத்துக்கு வந்து யாரிடமாவது கேளுங்கள், காட்டுவார்கள்.